ஏழாம் மாடிக்கு ஒரு கழுத்து

அந்த நாடகக் குழுவில் அவளுக்கு அளவக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். கழுத்தில் எந்நேரமும் இஞ்ச் டேப் தொங்கும். கல்யாணப் போட்டோவில் மட்டும் அது இல்லை. அன்றைக்கு அவள் அம்மா அதைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்.

தைக்க அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இருபது வயதில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்து எட்டு வருஷம் சட்டைப்பை மட்டும் தைத்தாள். அதுவும் இடது பை. சட்டைக்குக் கை எப்படிச் சேர்கிறது என்பதெல்லாம் அடுத்த வரிசைக்காரர்களின் ரகசியம். அங்கிருந்து நாடகக் குழுவுக்குத் திரை தைக்க வந்தவள், உடைக் கிடங்கில் தொங்கிய ராஜா கோட்டு ஒன்றைப் பார்த்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் மொத்தமாகப் பிரித்துப் போட்டாள். இரண்டே நாளில் திரும்பத் தைத்து மாட்டியும் விட்டாள். ராஜா அதைப் போட்டுக்கொண்டு மேடையேறினார். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் கையகலத் துணி ஒன்று மிஞ்சிவிட்டது. அது எந்த இடத்துத் துண்டு என்று இருபத்தாறு வருஷம் கழிந்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. அப்படிப் பிரித்துப் பிரித்தே தொழிலைக் கற்றுக்கொண்டாள்.

அவளிடம் ஒரு அளவு நோட்டு உண்டு. குழுவில் இருக்கும் எல்லோருடைய மார்பு, இடுப்பு, தோள், கால் நீளமும் அதில் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் சிவப்பு மையில் இன்னொரு எண் இருக்கும். அதற்கு அவள் வைத்த பெயர் பொய்க் கணக்கு. டேப் பொய் சொல்லாது, டேப்புக்குள் நிற்கிறவர்தான் சொல்வார் என்பது அவள் அனுபவம். கதாநாயகர் அளவு கொடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார். அவருக்கு இரண்டு இஞ்ச் கூட்டு. வில்லன் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்பார். அவருக்கு ஒரு இஞ்ச் கழி. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். உடை கச்சிதமாக உட்காரும். அவரவர் தாம் நினைத்த உடம்போடுதான் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டு போவார்கள்.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் இருந்தவள் அவளுடைய தங்கை. எட்டு வயது இளையவள். பதினாறு வயதில், அக்கா தொழிற்சாலையில் இருந்தபோதே நேர்த்தையல் போட்டுக் கொடுத்த பாவாடைக்கு அளவு கொடுத்த நாளிலிருந்து அவள் எக்குவது சரியாக ஒன்றரை இஞ்ச். அக்கா கூட்டுவதும் சரியாக ஒன்றரை இஞ்ச். முப்பது வருஷமாக அக்காவும் தங்கையும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

தங்கைக்குக் குழுவில் மூணாம் வரிசை என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாகக் கூட்டப் பாட்டுக்காரர்களில் மூன்றாவது வரிசையில் நின்று பாடுகிறாள். ஆள் குட்டை, சற்றுப் பருமன். முன்வரிசை உயரமானவர்களுக்குப் போகும், இரண்டாம் வரிசை அழகானவர்களுக்கு. அவள் குரல்தான் மற்ற இரண்டு வரிசைகளையும் தூக்கி நிறுத்துகிறது என்பது பியானோக்காரருக்குத் தெரியும். அவர் அதை வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோர் முன்னாலும் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவார்கள். அடுத்த நாடகத்திலும் அவள் மூன்றாவது வரிசையில் நிற்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் குழு அந்தக் கார்ட்டூன் படத்தைப் பாட்டு நாடகமாகப் போடுவதென்று முடிவானது. நடக்கப் பழகிய பிள்ளை எல்லாம் பார்த்த படம். ஒரு நெருப்புக்கோழி தபால் கொடுக்கும் வேலை பார்க்கிறது. பறக்கத் தெரியாது, படி ஏறினால் தலை சுற்றும். ஏழாம் மாடியில் தனியாக இருக்கும் கிழக் கரடி ஒன்றுக்கு முதல் முறையாக ஒரு கடுதாசி வருகிறது. லிஃப்ட் ரிப்பேர். கடுதாசிக்கோழி தெருவில் நின்றபடியே பாடுகிறது. பாடப் பாட அதன் கழுத்து ஒவ்வொரு மாடியாக நீளுகிறது. ஏழு வரி, ஏழு மாடி. கடைசி வரியில் கழுத்து கரடியின் ஜன்னலைத் தொடும்போது பார்க்கிற குழந்தைகள் எல்லாம் சோபாவின் மேல் ஏறி நிற்பார்கள். நாடகத்தின் இயக்குநரும் ஒரு காலத்தில் அப்படிச் சோபாவில் ஏறி நின்றவர்தான். இறங்கின மாதிரி தெரியவில்லை.

கோழி வேஷத்துக்கு ஆள் எடுக்கும்போது அவர் ஒரு காரியம் செய்தார். தலைக்கு மேல் கழுத்தும் அலகும் வந்துவிடும்; பாடுகிறவரின் முகம் கோழியின் நெஞ்சில் வலைத்துணிக்குப் பின்னால்தான் இருக்கும். ஆகவே எல்லோரையும் தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு பாடச் சொன்னார். முன்வரிசைக்காரர்களுக்குத் தங்கள் குரலே காதில் இடித்து சுருதி எங்கோ போய்விட்டது. இரண்டாம் வரிசைக்காரி ஒருத்தி வாளியோடு போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள். மூணாம் வரிசை மட்டும் வாளிக்குள் நின்று, தெருவரைக்கும் கேட்கப் பாடினாள். இருபத்திரண்டு வருஷமாக முன்னால் நிற்பவர்களின் முதுகைப் பார்த்துப் பாடினவளுக்கு வாளி ஒரு பொருட்டா? நாற்பத்தாறு வயதில் அவளுக்கு முதல் வேஷம் கிடைத்தது. அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து, கதவுக்கு வெளியிலேயே நின்று விஷயத்தைச் சொன்னாள். உள்ளே வந்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது என்றாள் பிற்பாடு.

அளவக்காவுக்கு வேலை ஆரம்பித்தது. யாருக்கு உடை தைத்தாலும் முதலில் அளவு எடுக்க வேண்டும், அது கோழியானாலும். படத்தை வீட்டு டிவியில் ஓடவிட்டு, வேண்டிய இடத்தில் நிறுத்தி, திரைமேல் டேப்பை வைத்து அளந்து நோட்டில் எழுதினாள். ஒன்றரை மணி நேரப் படம் அவள் வீட்டில் மூன்று வாரம் ஓடியது. பஸ் ஓட்டும் அவள் கணவர் வேலை முடிந்து வரும்போதெல்லாம் கோழி ஒரே இடத்தில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இந்தக் காலை எப்போது கீழே வைக்கும் என்று ஒருநாள் கேட்டார். முழங்கால் அளவு எடுத்து முடிகிற வரைக்கும் வைக்காது என்று பதில் வந்தது.

அளந்து பார்த்ததில் அவளுக்கு ஆத்திரம்தான் மிஞ்சியது. முதல் காட்சியில் கோழியின் கழுத்து மூன்று தலை நீளம். இரண்டு நிமிஷம் கழித்து நாலேகால் தலை. தபால் பை கதவுக்கு வெளியே இடது தோளில் தொங்கும், உள்ளே வந்ததும் வலது தோளுக்குப் போயிருக்கும். ஓடும்போது நாலு விரல், நிற்கும்போது மூன்று. வரைந்தவன் கையில் கிடைத்தால் அவனை ஒரே ஒரு கோட்டுத் தைக்கவிட வேண்டும் என்று பல்லைக் கடித்தாள். வாயில் கடுதாசியைக் கவ்விக்கொண்டே கோழி பாடுவதை மட்டும் மன்னித்தாள். குண்டூசியைக் கவ்விக்கொண்டு நாளெல்லாம் பேசுகிறவள் அவள்.

கழுத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். மெல்லிய பிரம்பை ஒன்றன்மேல் ஒன்றாகக் கத்தரிக்கோல்களைக் கோத்ததுபோல் பின்னி ஒரு சட்டம். அடியில் இரண்டு முனையையும் சேர்த்து இழுத்தால் சட்டம் மேலே எழும், விட்டால் மடங்கும். மேலே துருத்திபோல் மடிப்பு வைத்த துணி. அடியில் நாலு விரல் இழுத்தால் உச்சியில் ஒன்றரை முழம் ஏறும். இழுப்பதற்கு ஒரு கயிறு, கயிற்றின் முனை வலது இறக்கைக்குள், தங்கையின் கையில். வரிக்கு வரி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் படத்தில் வருவதுபோலவே பாட்டோடு சேர்ந்து கழுத்து நீளும். சட்டத்தின் பாரம் முழுவதும் உள்ளே விலாவைச் சுற்றி வரும் கெட்டியான கேன்வாஸ் கச்சையில் உட்கார வேண்டும். அந்தக் கச்சை சொன்ன அளவுக்கு இருந்தால்தான் எல்லாம்.

தங்கையை நிற்க வைத்து அளவு எடுத்தாள். நோட்டைப் பார்த்து, ஒன்றரை இஞ்ச் கூட்டி வெட்டினாள்.

உடையோடு முதல் ஒத்திகை திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு முதல் காட்சி. தங்கை கோழியைப் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்தாள். உடல் அழகாக இருந்தது. கால்கள் அதைவிட அழகு. அவள் கயிற்றை இழுத்ததும் கழுத்து எழுந்தது. எழுந்த கழுத்து இடப்பக்கம் சாய்ந்து, யோசித்து, வலப்பக்கம் சாய்ந்தது. அலகு முதலில் மேடையில் நிறுத்தியிருந்த அட்டைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியை முட்டியது. பிறகு மெதுவாகத் திரும்பி, பக்கத்தில் நின்ற கரடி வேஷக்காரரின் காதைக் கவ்வியது. உள்ளே கச்சை நாலரை இஞ்ச் தொளதொளவென்று இருந்தது. கூட்டப் பாட்டுக்காரர்கள் சிரித்த சிரிப்பில் பியானோக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். வலைத்துணிக்குள் இருந்த முகம் மட்டும் விடாமல் நாலாவது வரியைப் பாடிக்கொண்டிருந்தது.

இயக்குநர் சிரிக்கவில்லை. அவர் ஏற்கெனவே வேறொரு ஏற்பாட்டை மனசில் வைத்திருந்தார். நல்ல உயரமான நடனக்காரர் ஒருவரைக் கோழிக்குள் விட்டுவிடலாம். அவர் பாட வேண்டாம், கழுத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். பாட்டுக்குப் படத்தின் ஒலிப்பதிவே இருக்கிறது, அதையே ஓடவிடலாம், பிள்ளைகளுக்கும் பழகின குரல். மூணாம் வரிசை பழையபடி மூன்றாம் வரிசைக்குப் போகலாம். இதை அவர் கோபமில்லாமல், நிதானமாகத்தான் சொன்னார். அதுதான் அளவக்காவுக்குப் பயமாக இருந்தது. வியாழன் மத்தியானம்வரை நேரம் வாங்கினாள்.

தையல் அறைக்குள் போனதும் கதவைச் சாத்தினாள்.

"ஏண்டி, அளவு எடுக்கும்போது நீ என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலையே அக்கா."

"அதான் கேக்கறேன். ஏன் ஒண்ணும் பண்ணல? எக்க வேண்டியதுதானே?"

முதல் தடவையாகக் கிடைத்த வேஷம், பாடுவதற்கு இடம் வேண்டுமே என்று நெஞ்சு நிறைய மூச்சு இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றதாகத் தங்கை சொன்னாள். மூச்சு இழுத்ததில் மூன்று இஞ்ச். பழைய பொய்க்கு அக்கா கூட்டியது ஒன்றரை. ஆக நாலரை.

"முப்பது வருஷமாப் பொய் சொன்னவ, இந்த ஒரு தடவை எதுக்குடி உண்மை பேசின?"

"நீ கூட்டித் தைக்கறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

"தெரிஞ்சா சொல்லக் கூடாதா?"

"சொன்னா கூட்டறத நிறுத்திடுவ. அப்புறம் நான் நிஜமாவே இளைக்கணும்."

அளவக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது வெளியே தெரியக் கூடாதென்று குண்டூசி டப்பாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

செவ்வாய் முழுக்கப் பிரித்து, புதன்கிழமைக்குள் கச்சையைத் தங்கை சாதாரணமாக நிற்கும் உடம்புக்கு ஒட்டினாற்போல் தைத்தாள். கழுத்து இப்போது விளக்குக் கம்பம்போல் நின்றது. இயக்குநர்கூட நன்றாக இருக்கிறது என்றார். பாட்டு ஆரம்பித்தது. மூன்றாம் மாடிவரை சிரமமில்லை. நாலாவது வரிக்கு முன்னால் தங்கை மூச்சு வாங்கியபோது தொண்டைவரைதான் வந்தது. ஐந்தாவது வரி நீளமான வரி. விலா விரிய இடமில்லாமல் குரல் பாதியில் கிறீச்சிட்டது. அவள் விடாமல் ஆறாவது வரிக்கு மூச்சை இழுத்தாள். கச்சையின் பித்தளைக் கொக்கி ஒன்று தெறித்துப்போய்ப் பியானோவுக்குள் விழுந்தது. இன்றைக்கும் அந்தப் பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் தேனீ மாதிரி ஒரு சத்தம் வரும்.

தளர்த்தினால் கழுத்து நிற்காது, இறுக்கினால் குரல் வராது. விரலுக்கேத்த வீக்கம் வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்கிறவளுக்கு இந்த விரலுக்கு எந்த வீக்கம் சரி என்று தெரியவில்லை. நடனக்காரர் அதற்குள் கோழியின் காலை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். கால் அவருக்குச் சின்னதாக இருக்கிறது என்று அவளிடமே வந்து மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.

வியாழன் காலையில் கணவர் முதல் பஸ்ஸுக்குப் போனதும் அவள் படத்தை மறுபடி போட்டாள். இந்தத் தடவை டேப்பை எடுக்கவில்லை. அந்தக் கோழி எங்கே மூச்சு வாங்குகிறது, அந்த இடத்தில் அதன் நெஞ்சு எவ்வளவு விரிகிறது என்பதை மட்டும் பார்க்க உட்கார்ந்தாள். கோழி பதினோரு பாட்டுப் பாடியது. மலையில் ஓடியது. கிணற்றில் விழுந்து எழுந்தது. ஒரு இடத்தில் விக்கி விக்கி அழுதது. படம் முடிந்துவிட்டது. மூக்கு இருந்தது, இரண்டு ஓட்டை, இரண்டும் ஒரே அளவு. அதன் வழியாகக் காற்று உள்ளே போனதாக ஒரு இடம்கூட இல்லை. மூன்று வாரம் ஒவ்வொரு விரலாக அளந்தவள் இதைக் கவனிக்கவே இல்லை.

தையல் அறைக்கு வந்து தங்கையை வரச்சொன்னாள். கச்சை, கழுத்து எதுவும் வேண்டாம், சும்மா நின்று பாடு என்றாள். விலாவைச் சுற்றி டேப்பைப் போட்டு, இரண்டு முனையையும் விரலால் பிடித்துக்கொண்டாள். தங்கை முதல் வரிக்கு மூச்சு இழுத்தாள். டேப் அவள் கையை இழுத்தது.

இத்தனை வருஷத்தில் டேப்புக்குள் நின்ற யாரும் அசைந்ததில்லை. அசைந்தால் திட்டுவாள். இப்போது டேப் தானாக மூன்றரை இஞ்ச் நழுவி, வரியைப் பாடப் பாட மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. இரண்டாவது வரியை இன்னொரு தடவை பாடச்சொன்னாள். பிறகு மூன்றாவதை. தங்கை எதற்கு என்று கேட்டாள். பேசாமல் மூச்சு விடு என்று சொல்லிவிட்டு அக்கா கோழியின் வலது இறக்கையைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

இறக்கைக்குள் இருந்த கயிற்றை எடுத்து விலாவைச் சுற்றிக் கட்டினாள். கச்சையை இடுப்புக்கு இறக்கி, சட்டத்தின் பாரத்தை இடுப்பெலும்பில் உட்கார வைத்தாள். விலா மேல் கயிறு தவிர வேறொன்றும் இல்லை. தங்கை மூச்சு இழுத்ததும் கயிறு சட்டத்தின் அடியை நெருக்கியது. கழுத்து கிடுகிடுவென்று ஒன்றரை முழம் ஏறி மின்விசிறியைத் தொடப் பார்த்தது. பாடப் பாட இறங்கியது. கால் மூச்சுக்குக் கால் கழுத்து, முழு மூச்சுக்கு முழுக் கழுத்து.

மத்தியானம் இயக்குநர் வந்து பார்த்தார். ஒரு தடவை பார்த்தார், இன்னொரு தடவை பார்த்தார். கழுத்து நிற்கிறது, குரலும் வருகிறது, எல்லாம் சரி. ஆனால் தலைகீழாக இருக்கிறது என்றார். படத்தில் பாட்டு ஏற ஏறக் கழுத்து ஏறும். இதில் பாடுவதற்கு முன்னால் ஏறி, பாடும்போது இறங்குகிறது. இந்தப் பாட்டைத் தூக்கத்திலும் பாடுகிற பிள்ளைகள் நாளைக்கு நானூறு பேர் வரப்போகிறார்கள்; அவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துக்கொள்ளாதவர் அவர்தான் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

படத்தில் இருப்பதுபோல் நகம் இல்லை என்று ஒரே நகத்தை நாலு தடவை பிரித்துத் தைத்தவள் அளவக்கா. பையை எந்தத் தோளில் மாட்டுவது என்று அவரோடு ஒரு நாள் முழுக்க மல்லுக்கு நின்றவள். இப்போது அவளே எதிர்ப்பக்கம் பேச வேண்டியிருந்தது. வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். வாயில் ஊசி இல்லாமல் அவள் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"படத்துல அது மூச்சே விடல சார். ஒன்றரை மணி நேரம் உக்காந்து பாத்தேன். எங்கயும் விடல. இவ விடுறா. விட்டுத்தான் ஆகணும்."

"பிள்ளைங்க கேட்டா என்னக்கா சொல்றது?"

"கழுத்து முதல்ல போய் ஜன்னல் திறந்திருக்கான்னு பாத்துட்டு வருதுன்னு சொல்லுங்க."

பியானோக்காரர், வரிக்கு வரி நடுவில் கழுத்து ஏறுகிற வரைக்கும் தான் காத்திருப்பதாகவும், படத்தின் ஒலிப்பதிவு யாருக்காகவும் காத்திருக்காது என்றும் மட்டும் சொன்னார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார். நாளைக்கு முதல் நாலு மாடி இப்படியே போகட்டும். பிள்ளைகள் சிரித்தாலோ சலசலத்தாலோ ஐந்தாம் மாடியிலிருந்து ஒலிப்பதிவு ஓடும். உள்ளே இருப்பவள் வாயை மட்டும் அசைக்க வேண்டும். மறுநாளிலிருந்து நடனக்காரர். ஒலிப்பெட்டிக்காரர் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். தலைக்கு மேல் வெள்ளம், சாண் என்ன முழம் என்ன என்று தங்கை ஒத்துக்கொண்டாள். சாணுக்கும் முழத்துக்கும் நிறைய வித்தியாசம் உண்டு என்று அளவக்கா முணுமுணுத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நானூறு பிள்ளைகள் அரங்கை நிறைத்தார்கள். கோழி மேடைக்கு வந்ததும் கூரை பிய்ந்துவிடும்போல் கத்தினார்கள். பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் அளவக்கா ஊசி நூலோடு நின்றாள். எதிர்ப்பக்கத் திரையோரம் இயக்குநர் நின்றார். அவருக்குப் பின்னால் ஒலிப்பெட்டிக்காரரின் விரல் தெரிந்தது.

ஏழாம் மாடிப் பாட்டு வந்தது. தங்கை மூச்சு இழுத்தாள். கழுத்து ஒரு சாண் ஏறியது.

முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்து நின்றாள். "தப்பு. இன்னும் பாடவே ஆரம்பிக்கல, அதுக்குள்ள ஏறிடுச்சு."

நாலைந்து பேர் சிரித்தார்கள். பின்வரிசைகளில் சலசலப்பு பரவியது. இயக்குநர் திரும்பி ஒலிப்பெட்டிக்காரரைப் பார்த்தார். தங்கை முதல் வரியைப் பாடினாள். பிள்ளைகளில் பாதிப்பேர் கூடவே பாடினார்கள், படத்தின் வேகத்தில், அவளை முந்திக்கொண்டு. இரண்டாவது வரிக்கும் அப்படியே முந்திக்கொண்டு போய், கோழி இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து நடுவில் நின்றார்கள். மூன்றாவது வரிக்குப் பாடிக்கொண்டிருந்தவர்கள் குறைந்தார்கள். கழுத்து ஏறும் இடத்தில் அவர்களுக்கு வேறொரு வேலை வந்துவிட்டிருந்தது. அது என்ன வேலை என்று அளவக்காவுக்கு நாலாவது மாடியில்தான் புரிந்தது. தப்பு என்று சொன்ன சிறுமி தோளைத் தூக்கி, கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றாள். அவள் பக்கத்தில் இருந்தவனும் அப்படியே. அந்த வரிசை முழுவதும் அப்படியே.

ஐந்தாவது வரிக்கு முன்னால் நானூறு பேர் ஒன்றாக மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் திரையைக் காற்று உள்ளே இழுத்தால் வருமே, அந்த மாதிரி. மூச்சைப் பிடித்துக்கொண்டு யாராலும் பாட முடியாது. ஆகவே அரங்கில் அவள் ஒருத்தியின் குரல் மட்டும் இருந்தது. கோழி பாடி முடிக்கும்வரை அவர்கள் விடவில்லை. முடிந்ததும் எல்லோரும் புஸ்ஸென்று விட்டார்கள். ஆறாம் மாடி. மறுபடி இழுத்தார்கள்.

ஏழாவது மூச்சைத் தங்கை எங்கிருந்து எடுத்தாள் என்று தெரியவில்லை. தையல் அறையில் அளந்ததைவிடக் கட்டாயம் அரை இஞ்ச் அதிகம். கழுத்து ஏறி, இன்னும் ஏறி, கரடியின் ஜன்னலுக்கும் மேலே போய் நின்றது. பியானோக்காரர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். இயக்குநரின் தோளும் காதுவரை ஏறியிருந்தது, கன்னம் உப்பியிருந்தது. பிறகு அவள் கடைசி வரியைப் பாடினாள். கழுத்து மேலிருந்து சன்னமாக இறங்கி வந்து, பாட்டு முடியும் இடத்தில் ஜன்னல்கட்டையில் கடுதாசியை வைத்தது.

ஒலிப்பெட்டிக்காரர் எப்போதோ விரலை எடுத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார்.

காட்சி முடிந்து பிள்ளைகள் வரிசையாகப் போகிறவரை இயக்குநர் வாசலில் நின்றார். உள்ளே வந்து நடனக்காரரிடம் என்னமோ சொன்னார். அவர் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு, மாட்டிப் பார்த்த கோழிக் காலைக் கழற்றி வைத்தார். பிறகு இயக்குநர் தங்கையிடம் வந்து, நாளைக்கும் அந்த ஏழாவது மூச்சு அதே மாதிரி வருமா என்று கேட்டார். சாப்பாட்டுக்கு முந்தின காட்சி என்றால் வரும், பிந்தினது என்றால் ஆறாம் மாடிவரைதான் உத்தரவாதம் என்றாள் அவள்.

தையல் அறையில் அக்கா கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். விலாவில் கயிறு பதிந்து சிவந்த கோடு விழுந்திருந்தது. அதன்மேல் ஒரு பட்டைத் துணி வைத்துத் தைக்க வேண்டும். தங்கை ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்படி இருந்துச்சு?"

"வலது கால் நடுவிரல் நகம் தரையில தேயுது. ரெண்டாவது பாட்டுலயே பாத்தேன். கழட்டி வை, மாத்தணும்."

"பாட்டு எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன்."

"எனக்கு என்ன தெரியும். அஞ்சாம் மாடியில இழுத்த மூச்ச நீ முடிக்கிற வரைக்கும் விடல. காது அடைச்சுப் போச்சு."